மூன்றாம் மாடிக்கு அறுபத்தாறு படி

நாலாவது பீரியடுக்கு மணி அடித்து, பிள்ளைகள் இரைச்சல் அடங்கி, வராந்தாவில் கடைசியாக ஓடின செருப்புச் சத்தமும் ஏதோ ஒரு வகுப்புக்குள் போய் மறைந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிங். கொஞ்சம் சும்மா. மறுபடி டிங். மாடிப்படிக் கைப்பிடிக் குழாயில் ஒற்றை வளையல் இடிக்கிற சத்தம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அறைக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். வெளியாள் வந்தால் உட்கார வைப்பதும் அங்கேதான். பூட்டின பீரோ இரண்டு, பவுடர் கொட்டிக் கிடக்கிற கேரம் போர்டு, எப்போதோ கபடியில் வாங்கின கோப்பைகள், ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியில் சுந்தரவல்லி டீச்சர் மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே ஏறிப்போகிற வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு. எண்ணக்கூடாது என்றுதான் வரும்போதே நினைத்து வந்தாள். பையில் நாளிதழ்கூட எடுத்து வைத்திருந்தாள், இந்த நாற்பது நிமிஷத்தையும் அதைப் பிரித்து வைத்து ஓட்டிவிடலாம் என்று. ஆனால் காது சொன்ன பேச்சைக் கேட்டால்தானே. பதினாறு, பதினேழு. இருபத்திரண்டில் ஒரு திருப்பம் வரும், அங்கே வளையல் நின்றுபோகும், ஒரு ஆள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிற நேரத்துக்கு. அப்புறம் இன்னொரு இருபத்திரண்டு. அப்புறம் இன்னொன்று. ஆக மூன்றாம் மாடிக்கு அறுபத்தாறு படி. போன தடவை வந்தபோதே எண்ணி முடித்தாகிவிட்டது. ஏறிக்கொண்டிருப்பது கணக்கு டீச்சர் பிலோமினா. முட்டி தேய்ந்துபோயிற்று, படி ஏறவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து நாலு வருஷமாகிறது. முன்னால் இருந்த தலைமையாசிரியர் அந்தக் காகிதத்தைப் பார்த்து எல்லா வகுப்பையும் கீழேயே போட்டுக் கொடுத்திருந்தார். பத்தாம் வகுப்புக் கணக்கு பதினாறு வருஷமாக அந்த அம்மாள்தான். இப்போது ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும், மூன்றாம் மாடி, ஒரு நாளைக்கு நாலு தடவை. அதற்குக் காரணம் யார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஆட்கள் இந்தக் கட்டடத்தில் இரண்டு பேர். ஒருத்தர் பக்கத்து அறையில் பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற தலைமையாசிரியர் தவமணி. இன்னொருத்தி இந்த நாற்காலியில் இருக்கிறாள். இருபத்திரண்டு. வளையல் நின்றது.

மூச்சு வாங்கட்டும். சுந்தரவல்லிக்கும் மூச்சு அப்போதுதான் வந்தது, எதையோ இவளும் தூக்கிக்கொண்டு ஏறின மாதிரி. வாசலில் காவல்காரர் இன்றைக்கும் கேட்டார், கையெழுத்து நோட்டை நீட்டிக்கொண்டே, எந்த ஆட்டத்துக்குக் கோச்சு மேடம் நீங்க, கபடியா வாலிபாலா என்று. ஆட்டமெல்லாம் இல்லை அண்ணே, உங்க ஹெச்.எம்.முக்குத்தான் என்றாள். அவர் நம்பாமல் சிரித்தார், அவருக்கு எதுக்கும்மா கோச்சு, அவரு ஓடவா போறாரு என்று. இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். அவர் கேட்டதும் நியாயந்தான். முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, அதில் பதினோரு வருஷம் தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயரானவளைக் கூப்பிட்டு, மதுரை டவுனுக்குள் பத்துப் பள்ளிக்கூடத்தைக் கையில் கொடுத்து, அங்கே இருக்கிற தலைமையாசிரியருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும் கூட இருந்து வழி சொல்லுங்கள் என்று ஒரு அறக்கட்டளைக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பேர் கோச். நாலு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தச் சீட்டு. மூத்த ஆசிரியர்கள் ஏழு பேரும் தலைமையாசிரியரைப் பற்றி மனசில் இருப்பதைப் பேர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கோச் மட்டும் அதை எடுத்துத் தலைமையாசிரியருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்த கையோடு கிழித்துப் போட வேண்டும். சீட்டு கோச்சின் கையை விட்டு வெளியே போகக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இது ஒன்று மட்டும் தவறக் கூடாது என்று அந்தப் பயிற்சிக்காரப் பெண் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது சுந்தரவல்லிக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, நமக்கா சொல்கிறாள் என்று. ஜூலை மாதம் இங்கே முதல் கூட்டத்தில் அந்த ஏழு பேருக்கும் முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்: "என் கையாலயே கிழிச்சிருவேன். நீங்க பயப்படாம எழுதுங்க." கை வைத்த இடம்கூட ஞாபகம் இருக்கிறது, செயின் டாலர் மேல். ஏழு பேரும் நம்பினார்கள். டிங். மறுபடி புறப்பட்டாகிவிட்டது. இருபத்து மூன்று.

கண்ணாடி இல்லை. அதனால்தான் கொடுத்தாள். ஆறு வாரமாக அப்படித்தான் தனக்குத்தானே சொல்லி வந்திருக்கிறாள், பால் காய்ச்சும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, கோயிலில் வரிசையில் நிற்கும்போதுகூட. அன்றைக்கு மத்தியானம் சீட்டு ஏழையும் எடுத்துக்கொண்டு தவமணியின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். டீ வந்தது, கூடவே தேங்காய் பன். உங்களை மாதிரி ஒரு ஹெச்.எம்.கிட்ட நான் வேலை பாத்திருக்கணும் மேடம், எனக்குச் சொல்லித்தர ஆளில்லாமப் போச்சு என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, அந்த மனுஷன் முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. பதவிக்கு வந்து ஒரு வருஷம், ஆயிரத்து நானூறு பிள்ளைகள், நிர்வாகக் கமிட்டி ஒரு பக்கம், ரிசல்ட் ஒரு பக்கம். இவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. முதல் மூன்று சீட்டும் லேசானவை. நன்றாக உழைக்கிறார், கூட்டம் சீக்கிரம் முடித்தால் தேவலை, அந்த மாதிரி. வாசித்தாள். நாலாவதை எடுத்தாள். மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அதில் இருந்தது இதுதான்: 'பிள்ளைகள் முன்னால் வைத்து எங்களைப் பேசிவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். அதற்கப்புறம் மிச்ச நேரம் பூராவும் அதே பிள்ளைகள் முன்னால் நாங்கள் நிற்க வேண்டியிருக்கிறது.' அவ்வளவுதான், ஒரு வசவு இல்லை. எழுத்து குண்டு குண்டாக, எல்லாமே இடது பக்கம் சாய்ந்து, எதிர்க்காற்றில் நடக்கிற ஆள் மாதிரி. இடதுகைக்காரர் எழுத்து. அதையும் பார்த்தாள். பார்த்தாளா? பார்த்தாள். அப்போது என்ன செய்தாள், கண்ணைச் சுருக்கினாள், கண்ணாடி வச்சிட்டு வந்துட்டேன் போலிருக்கே சார் என்றாள். அவர் கையை நீட்டி, கொடுங்க மேடம், நானே பாத்துக்கிறேன் என்றார். கொடுத்தாள். ஒன்று மட்டும் இல்லை, மீதி இருந்த மூன்றையும் சேர்த்து. முதல் மூன்று சீட்டை எந்தக் கண்ணால் வாசித்தாய் என்று அவர் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. இவள்தான் ஆறு வாரமாக அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போய்விட்டுப் போய்விட்டுத் திரும்பி வருகிறாள்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. மெதுவாகிவிட்டது. ஒரு தலைமையாசிரியருக்குத் தன் ஆசிரியர் எழுத்துத் தெரியாதா? வாராவாரம் திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருத்தரும் இந்த வாரம் என்ன பாடம் நடத்தப்போகிறேன் என்று பாடக்குறிப்பு நோட்டில் எழுதிக் கொண்டுவந்து அவர் மேஜையில் அடுக்குவார்கள். அவர் ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். நாற்பது ஆசிரியர் என்றால் நாற்பது நோட்டு. வருஷத்துக்கு நாற்பது வாரம். அட்டையைப் பார்க்கவே வேண்டாம், நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினால் இது இன்னார் என்று சொல்லிவிடலாம். வெளியுலகத்தில் ஒரு கலெக்டர் கொடுத்திருந்தால்கூட, பாவம் தெரியாமல் கொடுத்துவிட்டார் என்று விட்டுவிடலாம். பதினோரு வருஷம் அந்த நோட்டுகளில் கையெழுத்துப் போட்டவள் கொடுத்தாளே. தவமணி நாலாவது சீட்டை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவை நீவிவிட்டார், கசங்கலை எடுக்கிற மாதிரி. அப்புறம், நல்லதுதான் மேடம், திருத்திக்கணும் என்றார். நான்கையும் அடுக்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். கிழிச்சிடணும் சார் என்று இவள் சொல்லியிருக்க வேண்டும். வாயில் பன் இருந்தது. அடுத்த தடவை, ஆகஸ்டில் வந்தபோது அவர் முகம் மலர்ந்து சொன்னார், இப்ப பிள்ளைங்க முன்னாடி ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்றதில்ல மேடம், உங்களாலதான். நிஜந்தான். எல்லாரும் அதைச் சொன்னார்கள். இவளும் அறக்கட்டளைக்கு அனுப்பின அறிக்கையில் எழுதினாள், நல்ல மாற்றம் தெரிகிறது என்று. எழுதிவிட்டு வெளியே வரும்போதுதான் படியில் அந்த அம்மாளைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையில் சாக்பீஸ் டப்பா, ஒரு கை குழாயில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து. என்ன டீச்சர் மேல போறீங்க என்று கேட்டதற்கு, டைம்டேபிள் மாறிடுச்சு மேடம் என்று மட்டும் பதில். தவமணியிடம் கேட்டால் என்ன சொல்வார்? சின்ன வகுப்புக்கு அனுபவசாலி வேணும் மேடம், அஸ்திவாரம் அங்கதானே என்பார். தப்புச் சொல்ல முடியாது. கேட்கவில்லை. நாற்பத்து நாலு. இரண்டாவது திருப்பம். இந்தத் தடவை ரொம்ப நேரம் நின்றது. மேலேயிருந்து ஏதோ ஒரு பிள்ளை, டீச்சர் வர்றாங்கடா என்று கத்தினது படிக்கட்டு வழியாக உருண்டு வந்தது.

இன்றைக்குக் காலையில் அந்த அம்மாளே எதிரே வந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று இவள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பினாள், அதற்குள், நல்லா இருக்கீங்களா மேடம் என்று குரல் வந்துவிட்டது. கால் எப்படி டீச்சர் இருக்கு என்று கேட்டாள், கேட்டிருக்கவே வேண்டாம். "அது பாட்டுக்கு இருக்கு மேடம். மேல காத்து நல்லா வருது. வைகையில தண்ணி வந்தா மொதல்ல எனக்குத்தான் தெரியும்" என்று பிலோமினா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இவள் அப்போதிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தெரிந்து சிரித்ததா, தெரியாமல் சிரித்ததா. தெரிந்திருந்தால் இவ்வளவு பதவிசாகப் பேசுவார்களா. தெரியாமல் இருந்தால் முட்டியைப் பற்றிக் கேட்டதற்கு வைகையைப் பற்றி ஏன் பேச வேண்டும். பக்கத்தில் உதவித் தலைமையாசிரியர் காசிராஜன் நின்றிருந்தார், வாயில் எப்போதும் ஒரு கேலி வைத்திருக்கிற மனுஷன். அவர் கேட்டார், "இன்னைக்கும் சீட்டு உண்டா மேடம்? நான் வேணா கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுக் கொண்டாந்துரவா?" சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். வாசலில் காவல்காரரோடு சிரித்த மாதிரியே, அதே அளவு, அதே பல். சிரித்து முடித்த பிறகுதான் அது முதுகில் வந்து விழுந்தது. டைப் அடிக்கிறேன் என்று ஏன் சொல்கிறார், கையெழுத்து வேண்டாம் என்றுதானே. அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்தில் தெரியாத ஆள் யார். தெரிந்தும் நல்லா இருக்கீங்களா மேடம் என்கிறார்கள். இவளுக்கு ஒரு பட்டப்பேர் இருக்கிறது, அதுவும் இவளுக்குத் தெரியும். ஆகஸ்டில் ஆசிரியர் அறையைத் தாண்டிப் போகும்போது உள்ளே ஒரு குரல் சொன்னது, 'எங்க ஸ்கூல்ல' வந்துருச்சுப்பா, டீயைக் குடிச்சு முடிங்க என்று. ஏனென்றால் இவள் எந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தாலும் எங்க ஸ்கூல்ல என்றுதான் ஆரம்பிப்பாள். எங்க ஸ்கூல்ல ஒரு ஆசிரியர் கூட லேட்டா வந்ததில்ல. எங்க ஸ்கூல்ல யாரு வேணாலும் என் ரூமுக்குள்ள வந்து என்ன வேணாலும் சொல்லலாம். எங்க ஸ்கூல்ல நான் காது கொடுத்துக் கேட்டேன், அதான் ரகசியம். பத்துப் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான், சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்டது, ஆற்றுக் கல் மாதிரி. அதைச் சொல்லும்போது இவளுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது, முட்டை வெந்த வாடையும். செல்லூர்ப் பக்கமிருந்து தறிச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது, டடக் டடக் என்று. அதற்கு நடுவே டிங் எப்போது வரும் என்று காது ஒரு மூலையில் காத்திருந்தது. எங்க ஸ்கூல்ல. எங்க ஸ்கூல்ல நல்லதம்பி என்று ஒரு சார் இருந்தார். இந்தப் பேர் வந்துவிடக் கூடாது என்றுதானே சுற்றிச் சுற்றி வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள், வந்துவிட்டது. சரித்திர ஆசிரியர். திருமங்கலத்துப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அதிர்ந்து பேசமாட்டார். சுந்தரவல்லி தலைமையாசிரியையாகி மூன்றாவது வருஷம், ஒரு நாள் கல்வி அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். போனால், மேஜை டிராயரிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து நீட்டி, உங்க மேல ஒரு மொட்டைக் கடுதாசிம்மா, வச்சுக்கங்க, வீட்டில அடுப்பு எரிக்க ஆகும் என்று சிரித்தார். கொடுத்துவிட்டார், அவ்வளவு லேசாக. பஸ்ஸில் வரும்போது பிரித்துப் படித்தாள். 'எங்கள் தலைமையாசிரியை தன் அறையில் ஆசிரியர்களை நிற்க வைத்தே பேசுகிறார். ஒரு மணி நேரம் ஆனாலும் நிற்க வேண்டியிருக்கிறது. எதிரே ஒரு நாற்காலி போடச் சொல்ல வேண்டுகிறோம்.' நாற்காலி கேட்டு ஒரு கடுதாசி. அன்றைக்கு உச்சியில் ஏறின சூடு இரண்டு நாள் இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முப்பத்தாறு பாடக்குறிப்பு நோட்டையும் தரையில் பரப்பினாள். மேஜை கொள்ளாது என்று தரையில். முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு நோட்டுக்கும் பக்கத்தில் கடுதாசியை வைத்து வைத்துப் பார்த்தாள். எழுதினவர் எழுத்தை மாற்றித்தான் எழுதியிருந்தார், ஆனால் பாதிக்கு மேல் மறந்துபோய்த் தன் எழுத்துக்கே வந்துவிட்டார். இருபத்தொன்பதாவது நோட்டில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தபோது வந்ததே ஒரு சந்தோஷம். இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது, அப்போது அது வெல்லமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னாள், யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன் என்று. அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சரி, கண்டுபிடிச்சு?" என்று கேட்டார். இவள் பதில் சொல்வதற்குள் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது, கேள்வி மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

கண்டுபிடித்து என்ன செய்தாள். ஒன்றும் செய்யவில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். மெமோ இல்லை, விசாரணை இல்லை. நல்லதம்பி சாரைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலையில் கேட்டில் நின்று லேட்டாக வருகிற பிள்ளைகள் பேரை எழுதுகிற வேலை அவருக்கு. எட்டேகாலுக்கே வர வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். மூன்று வருஷம், அவர் ரிட்டயராகிற வரைக்கும். நிற்க வைக்கிறாள் என்றுதானே எழுதினாய், நில். அப்படி வாய்விட்டு நினைத்தாளா என்றால் இல்லை. சார் பொறுப்பான ஆள், கேட்டுக்கு அவர்தான் சரி என்றுதான் நினைத்தாள். தவமணிக்கு அஸ்திவாரம் என்றால் இவளுக்குப் பொறுப்பு. வழியனுப்பு விழாவில் நல்லதம்பி சார் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் பேசினார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். கடைசியில் இவள் பக்கம் திரும்பி, "அம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதை நான் கேட்டில் நின்ன மூணு வருஷமும் நெனைச்சுக்கிட்டேதான் நின்னேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. இவளும் தட்டினாள். ஆக, கடுதாசியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது இவளுக்குத்தான் தெரியும். கொடுக்கப்பட்டவளும் இவள், கொடுத்தவளும் இவள். டிங். நாற்பத்தைந்து. கண்ணாடி பையில்தான் இருந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், கண்ணாடிக் கூட்டுக்குள். பையைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரம். அதைப் போட்டுக்கொண்டே முதல் மூன்று சீட்டையும் வாசித்தாள், நாலாவதைப் பார்த்ததும் கழற்றி உள்ளே வைத்தாள், பன்னைக் கையில் எடுத்தாள், அப்புறந்தான் கண்ணாடி இல்லை என்றாள். தவமணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த மனுஷர் முகத்துக்கு நேரே அந்த இரண்டு வரியைத் தன் வாயால் சொல்லத் தைரியம் இல்லை. உங்களை மாதிரி ஒரு ஹெச்.எம். என்று சொன்ன வாய், சொன்ன சூடு ஆறுவதற்குள் சுருங்கிப்போகுமே என்று பயம். அதனால் சீட்டையே பேசவிட்டாள். சீட்டு பேசிற்று, ஆள் இன்னாரென்றும் சேர்த்துப் பேசிற்று. ஐம்பது. ஐம்பத்தொன்று.

இன்னும் சற்று நேரத்தில் மணி அடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேரும் கூட்ட அறைக்கு வந்து உட்காருவார்கள். முதல் ஐந்து நிமிஷம் தவமணியும் இருப்பார், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து போவார், அப்புறம் சீட்டு எழுத வேண்டும். பைக்குள் ஏழு வெள்ளைச் சீட்டும் பெட்டியும் தயாராக இருக்கின்றன. எந்த முகத்தோடு நீட்டுவது. நீட்டினால் எழுதுவார்கள், ஏழு பேரும் ஒரே மாதிரி, தலைமையாசிரியர் நன்றாக நடத்துகிறார் என்று. அதை வாசித்துக் காட்டி, கிழித்துப் போட்டு, அறிக்கையில் நல்ல மாற்றம் என்று எழுதி, பஸ் ஏறிவிடலாம். பிலோமினா டீச்சர் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறுவாள், இந்த வருஷம் பூராவும் ஏறுவாள். சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். அறக்கட்டளைக்காரப் பெண் மெல்லிய குரலில் போன் பண்ணுவாள், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம் என்பாள். அறுபத்துமூன்று வயதில் காலையில் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு புறப்பட ஒரு இடம் இருப்பது சின்ன விஷயமா. வீட்டில் அந்தத் தொட்டிச் செடியும் இவளும்தான். தனியாகக் கூப்பிட்டு அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டால் என்ன. கண்ணாடி இல்லாமல் போயிற்று டீச்சர், தெரியாமல் நடந்துவிட்டது. பார், மறுபடியும் கண்ணாடி. பாவமன்னிப்புக் கேட்கப் போகிற இடத்துக்கும் கூடவே வருகிறது. அறுபத்தைந்து. அறுபத்தாறு. மேலே ஒரு வகுப்பே எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்று இழுத்துச் சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்து வகுப்புக்குள் போகிறாள். அதையும் யாராவது எழுதி வைத்திருப்பார்கள், தாமதம் என்று. அப்புறம் சத்தமே இல்லை. அந்த அரைமணி நேரம் எப்படிப் போயிற்று என்று இவளுக்குத் தெரியாது. தறி ஓடியது, சாம்பார் கொதித்தது, கேரம் போர்டு மேல் ஒரு எறும்பு பவுடருக்குள் போய் வெள்ளையாகி வெளியே வந்தது.

மணி அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. எழுந்தாள். கூட்ட அறை வலது பக்கம், படிக்கட்டு இடது பக்கம். கால் இடது பக்கம் போயிற்று. போகிறதே என்று இவளே பார்த்தாள். மேலேயிருந்து பிள்ளைகள் தட்டும் டம்ளருமாகக் கொட்டுகிறார்கள், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு ஏறினாள். பத்தாவது படியில் நெஞ்சு அடித்தது. வழி விடுங்கடா, பெரிய மேடம் என்று ஒரு பெண்பிள்ளை அதட்டினாள். முதல் திருப்பம். சுவரில் ஒரு ஆள் தோள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது, தினமும் யாரோ சாய்ந்து சாய்ந்து. அதே இடத்தில் இவளும் சாய்ந்து நின்றாள். அப்புறம் மறுபடி. இரண்டாவது திருப்பத்துக்கு வரும்போது டிங் எதிரே இறங்கி வந்தது. இறங்குவது ஏறுவதைவிட மெதுவாக இருந்தது, முகம் ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சுருங்கிற்று. மேலே என்ன மேடம் வர்றீங்க என்று பிலோமினா நின்றாள். சுந்தரவல்லிக்கு மூச்சுத்தான் வந்தது. கையால் கொஞ்சம் இருங்க என்று காட்டினாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். கடைசியில் சொன்னாள், "ஜூலையில நீங்க எழுதுன சீட்டை நான் வாசிக்கல டீச்சர். அவர் கையில கொடுத்துட்டேன். தெரிஞ்சுதான் கொடுத்தேன்." பிலோமினா முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள். இடது கையால்தான். தெரியும் மேடம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நேற்று என்ன கிழமை என்று கேட்டால் சொல்கிற மாதிரி. டைம்டேபிள் மாறின அன்னைக்கே தெரியும், அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலயே இருக்கு, நோட்டில கையெழுத்து வாங்கப் போறப்பல்லாம் என் எழுத்தை நானே பாத்துட்டு வர்றேன் என்றாள். சுந்தரவல்லி, மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முந்தி பிலோமினா சொன்னாள், "அவரு பேசுனது அத்தனை பேரு முன்னாடி. நீங்க நெஞ்சுல கை வச்சதும் அத்தனை பேரு முன்னாடி. இப்ப மட்டும் ஏன் மேடம் மாடிப்படியில வச்சு?"

இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். கை கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் மேடம், கொழா இருக்கு என்றாள். அறுபத்தாறில் மீதி நாற்பத்து நாலு படி. அந்த அம்மாள் வேகத்துக்கு இறங்கினதில் சுந்தரவல்லிக்குத் தன் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, ஒவ்வொரு படியிலும் முந்திப்போய் முந்திப்போய் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்ட அறையில் மற்ற ஆறு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், சாப்பாட்டு டப்பா முன்னால் மூடினபடி. தவமணி எழுந்து, வாங்க மேடம், நான் வணக்கம் சொல்லிட்டுக் கெளம்புறேன், நீங்க சீட்டு வேலையைப் பாருங்க என்றார். நீங்களும் உட்காருங்க சார் என்றாள். உட்கார்ந்தார், என்னவோ ஏதோ என்று பேனா மூடியைத் திருகிக்கொண்டே. பிலோமினா கடைசி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள், வளையல் மேஜை விளிம்பில் ஒரு தடவை இடித்து ஓய்ந்தது. சுந்தரவல்லி பைக்குள் கையை விட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி, அடியிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வாசிக்க எதுவும் இல்லை. ஆனால் எட்டு முகமும் ஒவ்வொரு மயிரிழையாகத் தெரிந்தன. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"எங்க ஸ்கூல்ல" என்று ஆரம்பித்தாள். காசிராஜன் தலையைக் குனிந்து சிரிப்பை மீசைக்குள் மறைத்தார். பக்கத்தில் இருந்தவர் டப்பா மூடியைச் சத்தமில்லாமல் திறக்க ஆரம்பித்தார், இது முடிய எப்படியும் கால்மணி நேரம் ஆகும் என்று. "எங்க ஸ்கூல்ல நல்லதம்பின்னு ஒரு சார் இருந்தாரு. அவரு என்கிட்ட ஒரு நாற்காலி கேட்டாரு." காசிராஜன் தலை மெதுவாக நிமிர்ந்தது.